இரண்டு கிரீம்

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தேன். எதிரே அக்காளும் தங்கையும். தங்கைக்கு அடர்ந்த சுருட்டை முடி. வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் அல்ல நான். ஆனால் காதை மூடிக்கொள்ள முடியுமா?

“எங்க கம்பெனில சோப்பு காய்ச்சுற காஸ்டிக் சோடாவ நீ தலைல தடவிக்கப் போறியாடி?” என்றாள் அக்காள்.

“பார்லர்ல ரெண்டு கிரீம் கீதுக்கா. காஸ்டிக் போட்டது முடிய சீக்கிரம் நேராக்கும், தலை எரியும். இன்னொண்ணு அவ்ளோவா எரியாது, முடி வறண்டு பூடும்.”

அக்காள் புறங்கையை நீட்டினாள். தோல் வெந்து சுருங்கியிருந்தது.

“ஒரு சொட்டுதான் பட்டுது.”

“அப்ப காஸ்டிக் இல்லாதத போட்டுக்கறேன்.”

“நம்மூட்டு போரிங் உப்புத் தண்ணில அலசினா தொடப்பம் மாதிரி ஆயிடும். சுருட்டைக்கு இன்னாடி கொறச்சல்?”

“ரெண்டு எடமும் சுருட்டைய பாத்துதான வேணாம்னு போனாங்க? ஞாயித்துக்கெழம வேற எடத்துலேர்ந்து வராங்க.”

“வளர்ற முடி மறுபடி சுருட்டையாதான வரும்? அப்ப தெரிஞ்சிபூடாதா?”

“அதுக்குள்ள தாலி ஏறிடும்க்கா.”

அம்பத்தூர் வந்ததும் அக்காள் எழுந்து, தங்கையின் தலையை மெல்லத் தடவினாள்.

“எரியாததையே போடச் சொல்லு,” என்று இறங்கிப் போனாள்.