அந்த ஊரில் ஊமை

சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து தோ பாயோ போகும் பேருந்து. முன் இருக்கையில் காய்கறிப் பைகளோடு இரண்டு பெரியவர்கள்.

“என் மக வேலை பாக்குற ஊர்ல நான் ஊமை லா.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“யுனிவர்சிட்டி முடிச்சதும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வியட்நாம் போனால்ல? லண்டன்ல பொறந்த டீச்சர்னு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்காங்க. போன மாசம் நான் போயிருந்தப்ப, அப்பாவுக்குப் பேச வராதுன்னுட்டா. நான் வாயத் திறந்தா நம்ம ஊரு இங்கிலீஷ்ல மாட்டிக்குவால்ல?”

“நீங்க ஒத்துக்கிட்டீங்களா?”

“பொழப்பாச்சே. பாவம், பிள்ளைங்க எனக்காக சைகையில வணக்கம் வைக்கப் பழகிட்டு வந்துச்சுங்க. அவளை அனுப்பியே இருக்கக்கூடாது.”

கைப்பேசி ஒலித்தது. எடுத்ததும் திரையில் மகள், அவளுக்குப் பின்னால் வகுப்புப் பிள்ளைகள். “அம்மாடி” என்று கூப்பிடப் போனவர், வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.