இரண்டாவது டிஸ்க் பற்றி ரெஜிஷா சொன்னது

பெயர்: ரெஜிஷா. வயது: 14. தகப்பனார்: நிக்கோலஸ், கடல் தொழில், பொழியூர். தற்போதைய இருப்பிடம்: சித்தி மேரிக்குட்டியின் வீடு, இஞ்சிவிளை. தகப்பனார் உடனிருக்க 1998 நவம்பரில் பாறசாலை போலீஸ் நிலையத்தில் பதிவு செய்யப்பட்டது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். என் சித்தியும் மோகனன் அண்ணனும் பாறசாலையில் கூட்டாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார்கள். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் ஸ்கேனரில் தாள் வைத்துக் கொடுப்பேன். அம்பூரி மலைப்பக்கம் நடந்த கண் முகாமின் சீட்டுகளைப் படமெடுத்து வைக்கும் வேலை சென்டருக்குக் கிடைத்தது. யாருக்கு எந்தக் கண்ணில் எப்போது ஆபரேஷன் என்பது அவற்றில்தான் உண்டு. அதன் பிறகு சீட்டுகள் மழையில் நனைந்து கூழாகிவிட்டதால் விவரம் கம்ப்யூட்டரில் மட்டுமே மிஞ்சியது.

படங்கள் மெஷினுக்குள் அடங்கவில்லை. ஆகையால் இரண்டு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியை வெளியே வைத்துக் கேபிளால் இணைத்தார்கள். ஒரே விவரம் இரண்டிலும் பதியும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். இதற்கு ரெய்டு என்று பெயர். அந்த வேலையை ஸாஃப்ட்வேரிடம் விடுவதா, அதற்கென உள்ள தனிக் கார்டு வாங்கி மெஷினில் போடுவதா என்று இருவருக்கும் தர்க்கம் வந்தது.

மோகனன் அண்ணன், “இந்தக் கிழட்டு மெஷினுக்கு ஸ்கேன் பண்ணவே மூச்சு முட்டுது. எல்லாத்தையும் ரெண்டு தடவ எழுதச் சொன்னா படுத்திடும். கார்டு போட்டா அது பாத்துக்கிடும்” என்றார். சித்தி, “கார்டு செத்தா அதே கார்டுக்கு எங்க ஓடுவீரு? ஸாஃப்ட்வேர்னா பெட்டியத் தூக்கி வேற மெஷின்ல மாட்டலாம் ஆக்கும்” என்றார். “வாங்குததுக்கு முன்னயே அதக் கொல்லுதியே” என்று அவர் சிரித்தார். இருவர் சொன்னதும் சரி என்றே எனக்குப் பட்டது. கார்டுதான் வாங்கினார்கள். அதனுடன் வந்த புத்தகத்தை நான் அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தேன். அதன் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐப்பசித் துலா மழையில் இடி விழுந்து கார்டு கருகியது. டிஸ்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கார்டு நெய்யாற்றின்கரையில் கிடைக்காததால் மறுநாள் மோகனன் அண்ணன் வேறு கம்பெனிக் கார்டு வாங்கி வந்தார். சித்தி பெட்டியிலிருந்து ஒரு டிஸ்கைக் கழற்றி, காகிதத்தில் பொதிந்து என் பள்ளிப் பையில் வைத்து, “ஒண்ணு வெளிய இருக்கட்டு மக்கா” என்றார். மோகனன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. அதன் பிறகு சித்தி பழைய கார்டைப் போலவே ஒன்று தேடித் திருவனந்தபுரம் போனார்.

அன்று மாலை மோகனன் அண்ணன் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டு, அங்கே ஒரு வெறும் டிஸ்கைப் போட்டு, புதுக் கார்டில் இணைத்தார். இரண்டிலும் உள்ளதை அழித்துவிட்டுப் புதிய ஜோடி உண்டாக்கவா என்று திரையில் ஆங்கிலத்தில் கேள்வி வந்தது. நான் அதை உரக்க வாசித்து, வேண்டாம் என்றேன். “இது எல்லாத்துக்கும் இப்பிடித்தான் பேடிப்படுத்தும், பயப்படாத. நீ போய்ப் பாடம் படி மக்கா” என்று சொல்லி அவர்தான் ஆமாம் என்பதற்கான ஒய் எழுத்தை அமுக்கினார். அதன் பிறகு திறந்து பார்த்தபோது ஒரு படமும் இல்லை. பக்கத்தில் நாற்காலி இருந்தும் அவர் வெகுநேரம் உட்காரவில்லை. கைக்குட்டையால் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு, “உன் சித்தி அழிச்சிட்டுத்தான் மத்தத எடுத்திட்டுப் போயிருக்கா” என்றார். அப்படியே புகாரும் கொடுத்தார்.

டிஸ்கைப் போலீஸார் என் பையிலிருந்து எடுத்தார்கள். சித்தி காலை முதல் இந்த ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கிறார். தண்ணீர் கேட்கவில்லை.

என் பையில் இருந்த டிஸ்கில் படங்கள் அப்படியே உள்ளன. பழைய கார்டைப் போன்ற ஒன்றில் போட்டுப் பார்த்தால் சித்தி கழற்றியபோது எதுவும் அழியவில்லை என்பதும், யார் அழித்தது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அதை மோகனன் அண்ணனின் பெட்டியில் போட்டால் புதுக் கார்டு அங்குள்ள வெறும் டிஸ்கை அசலென்று எடுத்துக்கொண்டு இதன்மேல் எழுதிவிடும். ஆகையால் அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டேன். இது சம்பவத்தில் சேராது, எழுத வேண்டியதில்லை என்று இதை எழுதும் ஏட்டையா சொன்னார். எழுதும்படி மறுபடியும் கேட்டேன்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டும்போது மேஜையில் இருந்த டிஸ்க் அங்கே இல்லை. கேட்டதற்கு, உடைமைக்காரர் என்ற முறையில் மோகனன் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனதாகச் சொன்னார்கள். சென்டர் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. இப்போது இங்கே மின்விசிறி நின்றுவிட்டது, மாலை நேர அரை மணி பவர்கட் தொடங்கியிருக்கிறது. சென்டரில் யு.பி.எஸ். இல்லை, ஆகையால் கரண்ட் வரும்வரை பெட்டி ஓடாது, டிஸ்க் அழியாது. கரண்ட் வருவதற்குள் யாரையாவது அங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன்.

இதில் உள்ளவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும். யாரும் சொல்லித்தரவில்லை. வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நி. ரெஜிஷா