செம்பில் போட்ட பூ

— உக்காருங்க அத்தை. நின்னுக்கிட்டே பேசினா போறவக வாரவக எல்லாம் பாக்காக.

— பாக்கட்டும். ஏழாயிரம்பண்ணையிலருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவளுக்கு இங்கன நிக்கத்தான் வலிக்குதாக்கும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. எம் மகன் புள்ளைய அழிக்கத்தான் இந்த ஆசுபத்திரியில வந்து கெடக்கியா?

— ஆமா.

— நாக்குக் கூசாம ஆமாங்கியே!

— நீங்க கேட்டீக. சொன்னேன்.

— ஏத்தா பாண்டிலட்சுமி, பாலகுரு போயி நாலு மாசம்கூட ஆகல. வெடி ஆபீஸ்ல பட்டாசு மருந்து வெடிச்சதுல அவன் மூஞ்சியக்கூட எனக்கு முழுசாக் குடுக்கல. மிச்சம்னு இருக்கது உன் வவுத்துல இருக்கது மட்டுந்தான்.

— ஆர்த்தியும் அவரு மிச்சந்தான் அத்தை.

— அவளை நான் இல்லைன்னா சொன்னேன்? பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். 'அப்பத்தா, அம்மாவையும் கூட்டிட்டு வந்துரு'ன்னு வாசல் வரைக்கும் ஓடி வாரா.

— சாப்பிட்டாளா?

— சாப்பிட்டா. நீ சாப்பிட்டியா?

— யாரும்மா இங்க சத்தம் போடுறது? உள்ள பிள்ளை பெத்தவங்க படுத்திருக்காங்க. பாண்டிலட்சுமி, இவங்க யாரு?

— என் மாமியா, சிஸ்டர். ராக்காயி.

— நல்லதாப் போச்சு. பாருங்கம்மா, என் பேரு எவாஞ்சலின். இந்த வார்டு நர்ஸ். நானே உங்களுக்கு ஆள் சொல்லி விடணும்னு இருந்தேன். உங்க கைநாட்டு வேணும்ங்கிறார் டாக்டர்.

— என் கைநாட்டா? எம் மகன் வாரிச அழிக்க என் விரலா? நல்லாக் கேட்டாரு போங்க.

— சட்டப்படி வேண்டியதில்லைம்மா. மேஜரான பொண்ணு, அவ சம்மதம் மட்டும் போதும். புருஷன் இறந்துட்டதால இருபத்துநாலு வாரம் வரைக்கும் பண்ணலாம், ரெண்டு டாக்டர் பாத்து சரின்னு சொல்லணும். ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. ஆனா உங்க கொழுந்தனார் போன வாரம் ஒரு வேன் நிறைய ஆளுகளோட வந்து வாசல்ல நின்னாரே, அதுலருந்து டாக்டருக்குப் பயம். புருஷன் வீட்டுல ஒருத்தர் ஒப்புக்கட்டும், இல்லாட்டி மதுரை கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வரட்டும்னு உக்காந்துட்டார்.

— கோர்ட்டுக்குப் போனா, நர்சம்மா?

— நாள் ஓடிரும். அடுத்த வாரத்தோட கெடு முடியுது.

— இது என்ன கூத்தா இருக்கு! என் கொழுந்தன் கருத்தப்பாண்டி மதுரைக்கே போயி வக்கீலப் பாத்துட்டு வந்தான். 'உங்களுக்கு இதுல பேச்சே கெடையாது, அந்தப் பொம்பள ஒத்தக் கையெழுத்துதான்'னு வெரட்டிட்டாராம். அங்கன எனக்குப் பேச்சு இல்லங்காக. இங்கன என் விரலக் கேக்காக. யாரு சொல்றதுதான் சட்டம்?

— அதை நானும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன்மா. நாளைக்கு ஊர்க்காரங்க வந்து நின்னா நீயா பதில் சொல்லுவங்கிறார்.

— நீங்க வேதக்காரப் பொம்பள. கழுத்துல சிலுவை தொங்குது. உங்க சாமி இதுக்கு ஒத்துக்கிடுமா?

— ஒத்துக்கிடாதும்மா. எனக்கும் ஒப்பல. நேத்து முழங்கால் போட்டு அழுதுட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன். ஆனா பாருங்கம்மா, சுமக்கிறது நான் இல்லியே.

— அத்தை, ஏன் அப்படிப் பாக்கீக?

— ஊரு முன்னாடி பூப் போட்டிருக்கேன், நர்சம்மா. உங்க ஆளுக கிட்ட இது இருக்காது. புருசன் பொணம் வாசல்ல கெடக்கயில பொண்டாட்டி உண்டாகியிருந்தா, செம்புத் தண்ணியில மாசத்துக்கு ஒரு பூவா, எல்லாரும் பாக்கப் போடணும். வாய்தொறந்து சொல்லப்படாது. ரெண்டு பூ போட்டேன். நாளைக்கு எவனும் இவளப் பாத்து 'இது யாருக்குப் பொறந்தது'ன்னு கேட்டுறக் கூடாதுல்ல? இவளுக்காகத்தான் போட்டேன்.

— என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா அத்தை?

— எதைக் கேக்க?

— பூப் போடவான்னு.

— அதை யாரும் கேப்பாகளா? நீ மயங்கிக் கெடந்த.

— மயக்கம் தெளிஞ்சு எந்திரிக்கயில ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. நான் அவருகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்.

— அவன் எங்கிட்டச் சொல்லிட்டான். அன்னைக்குக் காலையில. செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னான். அப்படிச் சிரிச்சான். அழுகாத. சரி, அழு.

— அதுக்குப் பெறகு எங்க போனாலும் இதே பேச்சு அத்தை. ஆட்டோக்காரன் கேக்கான், ஊசி போடுறவ கேக்கா, 'பூ விழுந்த புள்ளையா?'ன்னு. வெம்பக்கோட்டையில ஒரு டாக்டரம்மா ஊரு பேரக் கேட்டதுமே 'எனக்கு எதுக்கு வம்பு'ன்னு அனுப்பிட்டாக. அப்படியே நாள் போயிருச்சு. அப்பவே முடிஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இப்ப அசையுது.

— அசையுதா?

— ம்.

— எப்பருந்து?

— தொடாதீக அத்தை. நீங்க தொட்டா என்னால முடியாது.

— சரி. தொடல.

— பாண்டிலட்சுமி, கொஞ்சம் தண்ணி குடிம்மா. இந்தா.

— உங்கப்பன் வேற மாப்பிள்ளை பாக்கானாமே. அதுக்குத்தான் இம்புட்டு அவசரம்னு ஊர்ல பேச்சு.

— அவரு பாக்காரு. நான் கேட்டனா?

— பெறகு எதுக்குத் தாயி? எனக்குப் புரியச் சொல்லு. நான் வளத்துத் தாரேன். நீ பெத்துப் போட்டுட்டுப் போ.

— போட்டுட்டு எங்க போக? அத்தை, அன்னைக்கு அவரு மருந்து ரூம்புல. நான் அடுத்த ரூம்புல திரி வெட்டிக்கிட்டு இருந்தேன். சுவரு ஒரு தரம் எந்திரிச்சு உக்காந்துச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். இப்ப வவுத்துல இது அசையயில எனக்குப் புள்ள அசையிற மாதிரி இல்ல. அந்தச் சுவரு மாதிரி இருக்கு. எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன். கையி நடுங்குது. போன வாரம் ஆர்த்திய இடுப்புலருந்து நழுவ விட்டுட்டேன். உங்ககிட்ட கட்டில்லருந்து விழுந்துட்டான்னு சொன்னேன். பெத்தா மறுபடி வேலைக்குப் போகணும். காடு காஞ்சு கெடக்கு. அங்க வெடி ஆபீஸ விட்டா வேற என்ன இருக்கு? சீசன் வந்தா வேன் வந்து வாசல்ல ஆரன் அடிக்கும். ஏறணும். மருந்துக் கையக் கழுவிட்டு வந்து பால் குடுக்கணும். அது வளந்து ஒரு நாளு அதே வேன்ல ஏறும்.

— ஏறாது. படிக்க வைப்போம்.

— அவரையும் படிக்கத்தான வச்சீக அத்தை? நான் இதை வெறுக்கல. வெறுத்திருந்தா லேசா இருந்திருக்கும்.

— அவனும் பூ விழுந்த புள்ளதான, தாயி. அப்பன் மூஞ்சி பாக்காம பொறந்தவன். நான் ஒத்தையில நின்னு வளக்கலியா?

— அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெருமை அடிப்பாரு. 'எங்கம்மா ஊரு சாட்சியா என்னையப் பெத்தா, எங்கம்மாவுக்கு நான்னா உசுரு'ன்னு. கலியாணமான புதுசுல எனக்குப் பொறாமையா இருக்கும். நீங்க திடமானவுக அத்தை. நான் அப்படி இல்ல.

— திடமானவளா? அப்படியா சொன்னான்?

— தெனமும் சொல்லுவாரு.

— அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது? முகமெல்லாம் வேர்த்திருக்கு. உக்காருங்க.

— ஒண்ணுமில்ல நர்சம்மா. இந்தா, உக்காந்துட்டேன். ஒண்ணு கேக்கேன். முப்பது வருசத்துக்கு முந்தி இதுக்கு யாரு கையெழுத்துக் கேப்பாக?

— சட்டம் அப்பவும் பொம்பள சம்மதம்தான்மா. ஆனா யாரு அதைப் பாத்தா? புருஷன் கையெழுத்து இல்லாம தொட மாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அவங்களும் நர்ஸ்தான்.

— புருசன் செத்திருந்தா?

— வீட்டு ஆள் யாரையாச்சும் கூட்டிட்டு வான்னு அனுப்பியிருப்பாங்க. ஏன்மா கேக்கீங்க?

— சும்மா கேட்டேன். மை எங்கன இருக்கு?

— எதுக்கும்மா?

— நீங்கதான கேட்டீக? கொண்டாங்க.

— அத்தை, என் மேல கோவத்துல வைக்காதீக. வச்சுட்டு ஊருக்குப் போயி என்னைய ஏசாதீக. என்னால தாங்க முடியாது.

— கோவம் இல்ல. எங்கன வைக்கணும் நர்சம்மா? இங்கனயா?

— இங்க. அமுக்காதீங்க, லேசா வைங்க. ஆச்சு. நான் டாக்டர்கிட்ட கொண்டு போறேன்.

— நில்லுங்க. டாக்டர்கிட்ட எதுக்கு? அவ கையில குடுங்க. அவளாக் கொண்டு போயிக் குடுத்தாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி. கருத்தப்பாண்டிய நான் பாத்துக்கிடுதேன். ஊரு கேட்டா, பூவப் போட்டவ நான், எங்கிட்ட வந்து கேக்கட்டும்.

— சொல்லுங்க அத்தை. வரும்போது அம்புட்டு வைராக்கியமா வந்தீக. ஏன் வச்சீக?

— உன் மாமனாரு கெணத்து வெட்டுல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு. என் மாமியா செம்புல மூணு பூ போட்டா. என்னைய யாரும் கேக்கல. எனக்குப் பத்தொம்பது வயசு. ஒருத்தருக்கும் சொல்லாம மிளகா வத்தல் லாரியில ஏறி விருதுநகருக்கு வந்தேன். ஒரு ஆசுபத்திரி. 'புருசன் எங்க'ன்னாக. செத்துட்டாருன்னேன். 'வேற ஆளு?'ன்னாக. நான் மட்டுந்தான்னேன். போயிட்டு ஆளோட வான்னாக.

— அத்தை...

— அன்னைக்கு எனக்காக விரலு வைக்க ஒரே ஒரு ஆளு வந்திருந்தா, இன்னைக்கு நாம ரெண்டு பேரும் அழுகதுக்குப் பாலகுருன்னு ஒருத்தன் பொறந்தே இருக்க மாட்டான், தாயி.