இருநூறு ட்யூலிப் கிழங்குகள்

— இன்னும் ரெண்டு இன்ச் தோண்டு வாஞ்சி. ஆறு இன்ச் ஆழம்னு பாக்கெட்லயே போட்டிருக்கு.

— ஆறு எப்பவோ தாண்டியாச்சு பர்வதம் ஆன்ட்டி. இதுக்கு மேல தோண்டினா தண்ணி வந்துடும். அப்புறம் இந்த பிஸ்கட்டவே ஊர்ல எல்லாரும் குடத்தோட உங்க வாசல்ல நிப்பாங்க.

— பேசாம நடு. கூர் மேல பாக்கணும்.

— போன வருஷம் கடுப்புல பத்து கிழங்கைத் தலைகீழா வச்சேன். அதுவும் வளைஞ்சு நெளிஞ்சு வெளிய வந்து ஏப்ரல்ல பூத்துடுச்சு. என்னை மாதிரியே ரோஷமில்லாத ஜென்மம்.

— அடப்பாவி. சரி, மேல மிளகாய்ப்பொடி தூவு. அணில் தோண்டாம இருக்கும்.

— ஐசலின் இந்தியன் கடைல வாங்கினதுதானே? போன சனிக்கிழமை தூவினதை அது கிழங்குக்குத் தொட்டுண்டு சாப்பிட்டுப் போச்சு. நல்லெண்ணெய்தான் கேக்கலை.

— சிரிக்க வைக்காதே, காப்பி கொட்டிடும். இந்தா.

— குடிக்கறேன். ஆன்ட்டி, வீட்ல சார்கிட்ட பேசினீங்களா?

— எதைப் பத்தி?

— எதைப் பத்தியா? என் ரிலீவிங் லெட்டர் ஆன்ட்டி. சான் ஹோசே கம்பெனிக்காரன் திங்கட்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கான். சேனாபதி சார் கையெழுத்து இல்லாம நான் நகர முடியாது, காண்ட்ராக்ட் அப்படி. விட்டா இன்னும் மூணு வருஷம் இங்கதான். ஜூலைல கேட்டேன், "பாக்கலாம்"னார். அப்புறம் கம்பெனிக்கு ஆள் எடுக்க சென்னைக்குப் போயிட்டார். அவ்வளவு தூரம் போன் பண்ணி ஞாபகப்படுத்த எனக்குத் தைரியம் இல்ல. அதான் இந்த வருஷம் வாராவாரம் வந்து உங்க மண்ணைக் கிளறிண்டிருக்கேன். பையன் அமெரிக்காவுல சாஃப்ட்வேர்ல இருக்கான்னு எங்கம்மா தெருப் பூரா சொல்லி வச்சிருக்கா.

— நேத்து பேசினார். லைன் சரியில்ல.

— போன வாரமும் லைன் சரியில்ல.

— மம்ஸ் சாமந்தித் தொட்டி ரெண்டு இருக்கு, அதையும் இன்னிக்கே மண்ணுல இறக்கிடலாமா? அடுத்த சனிக்கிழமை டாஃபடில் கிழங்கு வந்துடும். அதுக்கப்புறம் பான்சிப் பூச்செடி.

— ஆன்ட்டி, முதல் வருஷம் அம்பது கிழங்கு. இப்ப இருநூறு. இத்தனை பூவை வச்சுண்டு என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணைக்கூட பறிச்சு நான் பாத்ததில்ல.

— பூ யாருக்கு வேணும்.

— பின்ன?

— அவர் வருஷத்துல பாதி நாள் வீட்ல இல்ல. விஷாகாகிட்ட தமிழ்ல ஒண்ணு கேட்டா "வாட்எவர், மாம்"னு மாடிக்குப் போயிடறா. எனக்குக் கார் ஓட்ட வராது. சனிக்கிழமை நீ வந்து அந்த அணிலைத் திட்டறே பாரு, அது ஒண்ணுதான் இந்த வீட்ல மனுஷப் பேச்சு.

— சான் ஹோசேலேர்ந்து போன் பண்றேன் ஆன்ட்டி, சத்தியமா. அணில் சௌக்கியமான்னு முதல்ல கேக்கறேன். இப்ப அந்த டப்பாவை இப்படித் தள்ளுங்க, மீதியையும் நட்டுடறேன். சார் வந்து பாத்தா மனசு இளகுமோ என்னவோ.

— வேண்டாம் வாஞ்சி, போய்க் கையைக் கழுவிக்கோ. அவர் ஆகஸ்ட்லயே கையெழுத்துப் போட்டுட்டார். உன்கிட்ட குடுக்கச் சொல்லி என்கிட்டதான் குடுத்துட்டுப் போனார்.