மஹ்பூபா வராத மாலைகள்

கார் நிறுத்தும் இடத்துக்காகக்கூட நான் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை, இன்ஸ்பெக்டர். பினாங்கில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதறாமலே பதில் சொல்கிறேன்.

மனநிலையைப் படமாக வரைவது என் வேலை. ஆய்வில் சேர்ந்தவர்களின் கைப்பேசிக்கு நாள் முழுக்கக் கேள்விகள் போகும். தூக்கம் எப்படி, கவலை எவ்வளவு, யாரிடமாவது பேசினீர்களா, வாழப் பிடித்திருக்கிறதா. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இன்றைக்கு ஒன்று மாறி, நாளைக்கு இன்னொன்றையும் மாற்றினால் நடுவே ஓர் அம்பு. ஒருவரை எந்த அம்பு தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம். நல்ல நோக்கம்தான் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் தனியாக இருந்த ஜெயலெட்சுமி அக்கா, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கேள்வியையும் விட்டதில்லை. கணவர் போனபின் ஒருமுறை உயிரை விடப் பார்த்தவர் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு மஹ்பூபா தினமும் சாயங்காலம் பீசாங் கோரெங் வாழைப்பழப்பொரி வாங்கிக்கொண்டு வந்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். அந்த வருகைதான் அக்காவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றுவதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது.

சிக்கல் என்னவென்றால், மஹ்பூபா ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. மாறாத ஒன்றுக்கு அம்பு வரைய வழியில்லை. வராத நாள் இருந்தால்தானே வந்த நாளின் பலன் தெரியும். அடைமழையிலும் வந்தார். நோன்பு மாதத்தில், நோன்பு திறந்த கையோடு வந்தார். அந்தப் பிடிவாதமான பாசத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலே வந்தது.

ஆகவே அவரைச் சந்தையில் பார்த்துப் பேசினேன். நீங்கள் வந்துபோனால் அக்காவுக்கு மனம் குழம்புகிறது, கொஞ்ச நாள் போகாதீர்கள், நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"என்னாலயா டாக்டர்? அக்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே லா," என்று முகம் வாடினார். "சரி, அவங்களுக்கு நல்லதுன்னா நா போகல."

போகவும் இல்லை. சொன்ன சொல் தவறாத பெண்மணி.

அம்பு உடனே தெரிந்தது. பேச்சு நின்றது, தூக்கம் சரிந்தது, வாழும் விருப்பம் அதன் பின்னாலேயே இறங்கியது. அப்படி ஓர் அழகான படம் என் கைக்கு வந்ததே இல்லை. மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது.

அக்கா ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். "குணாளன் தம்பி, மஹ்பூபா இப்ப வாரதில்ல. எதிர்ல பாத்தாலும் தலைய குனிஞ்சிக்கிட்டு போவுது. நா என்னா தப்பு செஞ்சேன்?"

நான் பதில் எழுதவில்லை. எழுதினால் யாரோ ஒருவர் பேசிவிட்டதாக ஆகிவிடும், கணக்கு கெட்டுப்போகும்.

என் உதவியாளர் ஹனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "டாக்டர், அவங்களுக்கு போன் அடிக்கணும் லா. ஹாஸ்பிட்டலுக்கு மெசேஜ் போயிருக்கணுமே, ஏன் போகல?"

வாழும் விருப்பம் அபாய அளவுக்குக் கீழே போனால் மருத்துவமனைக்குத் தானாகவே எச்சரிக்கை போகும்படி அமைத்திருந்தோம். அதை நான் முன்பே அணைத்து வைத்திருந்தேன். ஒரு தாதி போய் நலம் விசாரித்தால் போதும், அம்பு கலங்கிவிடும். இன்னும் கொஞ்சம் தெளிந்ததும் மஹ்பூபாவை மறுபடியும் அக்காவிடம் அனுப்புவதாகத்தான் இருந்தேன். ஹனாவைப் பொறுக்கச் சொன்னேன்.

அப்புறம் பதில்கள் வருவது நின்றுவிட்டது. விடுபட்ட பதில்களை, பழைய பதில்களை வைத்துக் கணித்து நிரப்புவது எங்கள் துறையில் வழக்கம். மஹ்பூபா வந்துகொண்டிருந்த நாட்களின் பதில்களையும் சேர்த்து நானும் நிரப்பினேன்.

ஆம், மஹ்பூபாவைத் தடுத்தது நான்தான். எச்சரிக்கையை அணைத்ததும் நான்தான். அக்கா உயிரை விடுவார் என்று படம் சொன்னது. அதைப் படித்துவிட்டுத்தான் காத்திருந்தேன். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் கதவை உடைத்து உள்ளே போன அன்று, நான் நிரப்பிய கணக்குப்படி, அக்கா கொஞ்சம் தேறியிருந்தார்.