அசையாத எலியின் வெளிச்சம்

இஞ்சிப் பிளேன்ரீயைத் தட்டிவிட்டது நான்தான். நான் உதவியாளனாக வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் கோப்பை வைக்கத் தோதான இடம் மயக்கவாயு இயந்திரத்தின் தலை மட்டுமே. சீனியும் தாராளமாகப் போட்டிருந்தேன். இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. திருத்துவதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். கொழும்பிலிருந்து ஆள் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் நுணுக்குக்காட்டி உயிருள்ள மூளைக்குள் ஆழமாகப் பார்க்கும். எலியின் மண்டையோட்டில் சின்னக் கண்ணாடி யன்னல் பதிப்போம். அதனூடாக லேசர் இறங்கும். வேலை செய்கிற மூளைக் கலங்கள் பச்சையாக மின்னும். எலி மயிரளவு அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

ஆய்வு மாணவி ஷெரோனின் கலாநிதிப் பட்டம் அந்தப் படங்களை நம்பியிருந்தது. அவளிடம் பழுதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அலுமாரியில் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஊசிமருந்து கிடந்தது. மயக்கமில்லாமல் எலிக்கு அதை மட்டும் போட்டேன். மூச்சுக்குக் குழாய் வைத்தேன். வயிற்றின்கீழ் இளஞ்சூட்டு மெத்தையும் விரித்தேன். எனக்கு இளகிய மனம். வீட்டுப் பொறியில் எலி விழுந்தால் என் அண்ணைதான் கொல்லுவார், நான் கடைக்குப் போய்விடுவேன்.

படம் அபாரமாக வந்தது. முன்பு மங்கிக் கிடந்த ஆழமெல்லாம் பெருநாள் மின்குமிழ்கள்போல் எரிந்தன.

"அண்ணை, உங்கடை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்," என்றாள் ஷெரோன்.

"காப்பு வேண்டாம் பிள்ளை, ஒரு தேத்தண்ணி தா. தள்ளி வை."

இயந்திரத்தைத் திருத்தி முடித்த பிறகும் நான் அதைத் திறக்கவில்லை. மயக்கம் கொடுத்தால் படம் மங்கியது. எலியின் கண்ணில் நீர் கோத்தால் பஞ்சால் ஒற்றிவிட்டேன்.

எலிகளின் இதயத்துடிப்பு தாறுமாறாக ஏறியிருந்ததைப் பதிவில் பார்த்து மேலிடத்தில் முறையிட்டவள் ஷெரோனேதான். அந்தப் படங்களை நம்பிய தன் ஆய்வையும் மீளப்பெற்றுக்கொண்டாள். அவளில் எனக்குக் கோபமில்லை. களைப்புத்தான்.

ஒரு கேள்வி மட்டும் கிடந்து அரித்தது. பக்கத்து அறை விரிவுரையாளர் றொகானைக் கேட்டேன். "எலிதானே ஐசே, விடும்," என்றார். ஷெரோனைக் கேட்டேன், கதவைச் சாத்தினாள்.

விசாரணைக்கு வந்தவர் மிருக வைத்தியர் மகாதேவி.

"மயக்கம் குடுத்தனீங்களோ, இல்லையோ?"

"இல்லை டொக்டர். ஆனா அதுகள் அமைதியாத்தான் கிடந்ததுகள். ஒருநாளும் கத்தேல்லை. நொந்திருக்காது, என்ன?"

அவர் நான் எடுத்த படம் ஓடிய திரையை என் பக்கம் திருப்பினார். பச்சை மின்னிக்கொண்டிருந்தது.

"நொந்தது," என்றார். "நீங்கள் படம் எடுத்ததே அதைத்தான்."