மாடியில் இருந்த கல்யாணம்

கடலூரில் ஏறிய பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் திடீரென்று சொன்னார்: "மாடி டியூஷன் சாரோட கம்ப்யூட்டர்லதான் அந்தக் கல்யாணமே இருந்திருக்கு மச்சான்."

மச்சான் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தக் கல்யாணம்?"

"போன மாசம் திருவந்திபுரத்துல எங்க ஸ்டுடியோ எடுத்தது. பொண்ணோட அப்பா அடுத்த வாரமே தவறிட்டாரு. இப்ப ஆல்பம் கேட்டு வந்தாங்க. படமெல்லாம் சேத்து வைக்கற சர்வர்ல பாத்தா அந்தப் படம் ஒண்ணுகூட இல்ல."

"எப்புடிடா இல்லாமப் போவும்?"

"எங்க லினக்ஸ் சர்வர் தனி மெஷின் இல்ல, இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுது. அதனால மத்த கம்ப்யூட்டர்ல பாத்தா நெட்வொர்க்ல அதோட பேரே காட்டல. 'சர்வர்'னு தெரிஞ்சது மாடியில இருக்கறவரோடது. ரெண்டு பேருக்கும் ஒரே வைஃபை. நம்ம ஆளுங்க அதுல காப்பி பண்ணிட்டு, கேமரா கார்டை அழிச்சிட்டாங்க."

"அய்யய்யோ. அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். யாரோ போட்ட படம் எடத்த அடைக்குதுன்னு நேத்துதான் பாதிய அழிச்சாராம். திரும்ப எடுக்கப் பாத்தேன், வரல."

மச்சான் போனை அணைத்துப் பையில் போட்டார். பிறகு, "அவுங்க அப்பா படம்?" என்றார்.

"தாரை வாக்கறது போயிடுச்சு. பந்தியில சாம்பார் வாளியோட நிக்கறது ஒண்ணு மட்டும் இருக்கு."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. சிதம்பரத்துலதான் இருக்கு. அதான் மிச்சப் படத்த எடுத்துக்கிட்டு நேர்ல போறேன்."

சட்டைப் பையிலிருந்த பென் டிரைவைப் பொத்திப் பிடித்தவர், இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.